ஹேண்ட்பிரேக் போட்டேனா

வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேநீர் போட்டு, அதை ஆற்றி முதல் வாய் குடிக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ பெரிய தகரத்தை மடக்கி உடைத்தது போல இருந்தது. ஒரு நொடி தெருவே மூச்சடைத்துக் கிடந்தது. அதன் பிறகு ஒரு குழந்தை வீலென்று அலறியது.

கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வாசலுக்கு ஓடினாள். வாசலில் நிறுத்தியிருந்த கார் அங்கே இல்லை.

அவர்கள் தெரு நல்ல சரிவு. மேலிருந்து ஒரு பந்தை விட்டால் கடைசி வீடுவரை தானாகப் போய்ச் சேரும். கார் பின்பக்கமாகவே உருண்டு, பாதி வழியில் திரும்பி, எதிர்வரிசையில் கணக்கு வாத்தியார் வீட்டு இரும்புக் கதவில் போய் முட்டி நின்றிருந்தது. கதவு உள்பக்கமாக வளைந்திருந்தது. கதவுக்கும் காருக்கும் நடுவே நீல நிறத்தில் ஏதோ நசுங்கிக் கிடந்தது. அது வாத்தியார் மகளின் சைக்கிள் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சைக்கிளுக்குச் சொந்தக்காரி படிக்கட்டில் நின்று தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்க உள்ளே போனவள் அப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள்.

வாத்தியார் ஓட்டுநர் இருக்கையில் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாக உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி, ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பிடித்திருந்தார்.

அவள் முதலில் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். கை, கால், தலை. ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"சார், நீங்க ஏறும்போது ஹேண்ட்பிரேக் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

வாத்தியார் யோசித்தார். நேர்மையான மனிதர். "தெரியலையே. கதவைத் திறந்தேன், பிடிச்சு இழுத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்."

"நான் போட்டேன் சார்."

"சரி, சரி," என்றார் அவர், காய்ச்சல்காரரிடம் பேசுகிற குரலில். "நாள்பூரா வேலை பாத்துட்டு வர்றீங்க. அலுப்புல மறந்துபோறதுதான். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அது போதும்."

அவர் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவர் மன்னித்துவிட்டார். அதுதான் அவளை உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டது.

அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளர். சீட்டைப் பார்த்து மருந்து எடுத்து, எத்தனை வேளை என்று சொல்லிக் கொடுக்கிற வேலை. ஐம்பதை எட்டப் போகிறாள். இதுநாள்வரை ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. ஆனால் அவளுடைய அம்மாவுக்கு ஆரம்பித்ததும் ஏறக்குறைய இந்த வயதில்தான். முதலில் குழாயை மூட மறந்தாள். பிறகு பூட்டை, பிறகு பெயர்களை. கடைசி இரண்டு வருஷம் பெற்ற மகள்கள் இருவரையும் "நர்ஸம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டில் வளர்ந்தவர்களால் மறதி என்ற சொல்லைச் சும்மா சொல்ல முடியாது.

கணவர் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். வாத்தியாரிடம் பேசினார். கதவைச் சரிசெய்ய ஆள் சொன்னார், புது சைக்கிளுக்கும் ஏற்பாடு செய்தார். குடிநீர் வாரியத்தில் இருப்பவர். எந்த வால்வைத் திறந்தாலும் இரண்டு தடவை சரிபார்க்கிற கை. அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நிஜமாவே போட்டியா?"

"போட்டேங்க. கிர்ருனு சத்தம்கூட ஞாபகம் இருக்கு."

"அது நேத்துப் போட்ட சத்தமா இருக்கலாம். தினம் போடறதுதானே."

உண்மைதானே. தினமும் செய்கிற ஒன்றை இன்றைக்குச் செய்தோமா என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? கண்ணை மூடினால் கை லீவரை இழுக்கிறது. அந்தக் கை இன்றைய கையா, போன மாதத்துக் கையா?

"கியர்ல போட்டு நிறுத்தியிருந்தாலாவது..." என்று அவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் கியரில் போட்டு நிறுத்தக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முன்பொரு தடவை கியரில் கிடந்த வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்து, அது எகிறிப் போய்ச் சுவரில் முட்டியதிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருந்தது.

மறுநாள் வண்டி மெக்கானிக்கிடம் போயிற்று. அந்த மெக்கானிக்கை எல்லோரும் டவுட்டு என்றே கூப்பிடுவார்கள். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் "எனக்கு ஒரு டவுட்டு" என்றுதான் ஆரம்பிப்பார். இஞ்சின் ஓடினாலும் டவுட்டு, ஓடாவிட்டாலும் டவுட்டு. அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்குக் காரைப் பட்டறை வாசலில் இருந்த சரிவான மேடையில் ஏற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இறங்கி வந்து, இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை.

"கேபிள் கொஞ்சம் லூசு. டைட் பண்ணிடறேன். மத்தபடி நல்லாத்தானே நிக்குது."

"அப்ப எப்படி உருண்டுச்சு?"

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. போடாம இறங்கியிருப்பீங்க. இதுல டவுட்டே இல்ல."

ஊரில் எதையும் நம்பாத ஒரே ஆள் இதை மட்டும் நம்பிவிட்டார். அவள் வண்டியில் ஏறினாள். கணவர்தான் ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கொஞ்ச நாள் நானே விட்டுட்டு வர்றேன்" என்றார். அவள் சரி என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் பின்னால் ஒரு நிழல் நடக்க ஆரம்பித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் நகர்ந்தால், தண்ணீர் குடிக்க வந்தது போல அவர் வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டு அவள் படியிறங்கினால், செருப்பு மாட்டுகிற சாக்கில் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால் சண்டையும் போட முடியவில்லை. போதாததற்கு அவளே தன் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தாள். பாதித் தெரு போய்த் திரும்பி வந்து ஜன்னலைப் பார்ப்பாள். குளியலறையில் சோப்புப் போட்டோமா என்று முதுகைத் தடவிப் பார்ப்பாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று பயம் வரும்.

மருந்தகத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு சீட்டுக்கு மருந்தை எடுத்து, பெயரைப் படித்து, மறுபடி படித்து, உறையில் போட்டு, வெளியே எடுத்து மறுபடி படிப்பாள். ஜன்னலுக்கு வெளியே வரிசை வளரும். ஒரு பெரியவர், "ஏம்மா, மாத்திரையைத் தர்றியா, இல்ல இங்கேயே விளைய வைக்கிறியா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சாயங்காலம் தலைமை மருந்தாளரிடம் போய், கொஞ்ச நாளைக்குத் தன்னைக் கவுண்டரிலிருந்து கிடங்குக்கு மாற்றச் சொன்னாள்.

"ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல மேடம். சொல்ற மாதிரி ஆகிடக் கூடாதுன்னுதான்."

தலைமை மருந்தாளர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். கிடங்கில் பெட்டிகளை அடுக்கினாள். தப்பாக அடுக்கினால் யாரும் சாக மாட்டார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

இதற்கிடையில் அக்காவின் போன். மலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள். வழக்கமாக வாரத்துக்கு ஒரு தடவை பேசுவாள். விபத்தைக் கேள்விப்பட்டதிலிருந்து தினமும் பேசினாள்.

"நேத்து என்ன சமைச்சே?"

"ஏன்க்கா?"

"சும்மாதான். சொல்லேன்."

மறுநாள், "போன வாரம் என்கிட்ட யாரைப் பத்தி சொல்லிட்டிருந்தே?" அதற்கு மறுநாள், "நம்ம பழைய வீட்டுல மாடிப்படி எந்தப் பக்கம், சொல்லு பாப்போம்." பரீட்சை வைக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கும் அவர்கள் இருவரும் சேர்ந்து இப்படித்தான் கேள்வி கேட்டார்கள். சிரித்த முகத்தோடு, பதிலைக் கண்ணால் அளந்துகொண்டு.

"நேத்து என்னடி சமைச்சே?" என்று அக்கா மறுபடி கேட்டபோது, "ஒட்டகச்சிவிங்கி வறுவல்" என்றாள்.

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா."

"தெரியும்," என்றாள் அக்கா, தெரியாத குரலில். போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவள் கணவரிடம் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"எங்க போகணும்? நான் வர்றேன்."

"எங்கேயும் போகல. எனக்குத் தெரிஞ்சாகணும். நான் கழண்டிருக்கேனா, வண்டி கழண்டிருக்கான்னு."

அவர் கொடுத்தார். அவள் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னாள். அதோடு விடாமல் லீவரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். இறங்கி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு கையகல இடம் விட்டு மரக்கட்டைகளை வைத்தாள். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். பிறகு ஜன்னலில் நின்று பார்த்தாள். தெருவில் போனவர்கள், நிற்கிற காரை முறைத்துப் பார்க்கிற பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கோடு அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கார் அவளைவிடப் பொறுமைசாலியாக நின்றது.

வாரக் கடைசியில், ஒட்டகச்சிவிங்கி மனதை உறுத்த, அக்காவைப் பார்க்கப் போனாள். மலைச்சாலை. ஏற்றத்தில் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் இறக்கம், வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்துக்கொண்டே வர வேண்டும். அக்கா வீட்டிலும் நிம்மதியில்லை. "தேநீர் குடிக்கிறியா?" என்று கேட்டுக் கொடுத்து, இவள் குடித்து முடித்ததும், "தேநீர் குடிக்கிறியா?" என்று மறுபடி கேட்டாள். இதுவும் பரீட்சையில் ஒரு தந்திரம் என்று எடுத்துக்கொண்டு, "இப்பத்தானே குடிச்சேன், ஞாபகம் இருக்கு" என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வாசலில் காரை நிறுத்தினாள். போட்டாச்சு. படம், கட்டை, கோடு. குனிந்து கோடு போடும்போது மூக்கில் ஒரு வாடை ஏறியது. தீய்ந்த வாடை. இடது பின்சக்கரத்திலிருந்து வந்தது. சக்கரத்தின் நடுப்பகுதியில் கையை வைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள். வலது பக்கம் போய்த் தொட்டாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

இந்தத் தடவை அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள். வாத்தியார் மகள் புது சைக்கிளில் வந்து, "என்ன ஆன்ட்டி பாக்கறீங்க?" என்றாள். "நீ உள்ள போ கண்ணு, கொஞ்ச நேரம் உள்ள விளையாடு" என்று அனுப்பினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தன்னையே பார்த்துத் தனக்குச் சிரிப்பு வருகிற கட்டத்தில், எங்கோ ஒரு சின்ன முனகல் கேட்டது. காரின் பின்பக்கம் கொஞ்சம் தணிந்தது. சாக்பீஸ் கோடுகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. சக்கரம் மெதுவாக, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போலப் புரண்டு, மரக்கட்டையில் வந்து முட்டி நின்றது.

அவள் ஓடிப் போய்க் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். லீவர் மேலேதான் இருந்தது.

இடது சக்கரத்தைத் தொட்டாள். ஆறியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விபத்து நடந்த அன்றைக்கும் அவள் மலைச்சாலை வழியாகத்தான் வந்திருந்தாள்; பாலத்தில் ஏதோ வேலை நடந்து, எல்லா வண்டிகளையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் பட்டறை திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள். டவுட்டு பூட்டைத் திறந்துகொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். மலை, இறக்கம், தீய்ந்த வாடை, ஒரு பக்கம் மட்டும் சூடு, ஆறின பிறகு நகர்ந்தது. கேட்கக் கேட்க அவர் கை பூட்டிலேயே நின்றுவிட்டது.

"சூடா இருக்கும்போது நின்னுச்சு, ஆறினதும் நகர்ந்துச்சு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"இப்ப எனக்கு ஒரு டவுட்டு," என்றார்.

ஜாக்கி வைத்துக் காரின் பின்பக்கத்தைத் தூக்கினார். அவளை உள்ளே உட்காரச் சொல்லி ஹேண்ட்பிரேக்கை இழுக்கச் சொன்னார். இழுத்தாள். இடது சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. வலது பக்கம் போய்ச் சுழற்றினார். அது ராட்டினம் மாதிரி சுழன்றது.

"இழுத்தீங்களா?"

"இழுத்தாச்சு."

"இன்னும் இழுங்க."

"இதுக்கு மேல இழுத்தா கையோட வந்துரும்."

இரண்டு சக்கரங்களையும் கழற்றினார். உள்ளே பளபளவென்று வட்டத் தட்டு. அதுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்த இரும்புப் பிடியைக் காட்டினார். அதுதான் கேலிப்பர். காலால் மிதித்தாலும் கையால் இழுத்தாலும் இந்த வண்டியில் பின்பக்கம் கவ்வுவது இதுதான். வலது கேலிப்பரின் பின்னால் ஒரு குட்டி லீவர். ஹேண்ட்பிரேக் கேபிள் அதைத்தான் இழுக்கிறது. அதைக் காக்கிற ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய்த் துருவேறி, லீவர் இறுகிப் போயிருந்தது. கேபிள் இழுத்தாலும் அது அசையவில்லை. இடது பக்கத்துக் கதை வேறு. அங்கே கேலிப்பர் எதன் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டுமோ அந்த இரும்பு ஊசி துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. கவ்வினால் முழுசாக விடுவதில்லை. ஓடும்போதெல்லாம் தேய்த்துக்கொண்டே வருகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் டிஸ்க் அடுப்பாகிவிடும்.

"சூட்டுல டிஸ்க் கொஞ்சம் பெருத்துடும். அந்த நேரத்துல ஹேண்ட்பிரேக் போட்டா நல்லாக் கவ்வும். அப்புறம் ஆறும்போது பழையபடி சிறுத்துடும். பிடி விட்டுப்போகும். இன்னொரு பக்கம் உயிரோட இருந்தா அது தாங்கும். இங்கதான் அது செத்துக்கிடக்கே. நான் அன்னிக்குப் பாத்தது ராத்திரி பூரா ஆறிக்கிடந்த வண்டி. அது நிக்காம என்ன பண்ணும்?" துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சக்கரத்தைக் கழட்டாமப் பேசிட்டேன். தப்புதான்மா. கேபிளையும் டைட் பண்ணிக் குடுத்து உங்களைக் குத்தம் வேற சொல்லியிருக்கேன்."

"ரிப்பேர் பண்ணாதீங்க," என்றாள்.

"ஏன்?"

"என் வீட்டுக்காரர் வரட்டும். அவர் கண்ணால பாக்கணும்."

கணவர் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். டவுட்டு சக்கரங்களை மாட்டி, தானே மலைச்சாலையில் பாதி தூரம் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்து, மேடையில் நிறுத்தினார். காருக்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கினார். "நீங்களே போடுங்க சார்" என்று லீவரைக் கணவரிடம் விட்டார். அவர் பல்லைக் கடித்து இழுத்தார். மூவரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது, குடித்தார்கள். டவுட்டு பழைய வண்டி ஒன்றைப் பற்றி ஏதோ சொன்னார், யாரும் கேட்கவில்லை. கணவர் எழுந்து காரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். நகரவில்லை என்றால்? நேற்றுப் பார்த்ததும் தன் மண்டைக்குள்ளேயே நடந்தது என்றால்?

கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கார் முனகியது. பின்னால் சரிந்து டயர் அடுக்கில் மெத்தென்று மோதி நின்றது.

கணவர் எழுந்து போய்க் கண்ணாடி வழியே லீவரைப் பார்த்தார்.

"அப்ப நீ போட்டிருக்கே," என்றார் கடைசியில்.

"அதைத்தான் அன்னிலேர்ந்து சொல்றேன்."

"பாப்பா தண்ணி பிடிக்க உள்ள போகலைன்னா..." அவர் டயர் அடுக்கைப் பார்த்தார். "கியர்ல போடாதேன்னு சொன்னதும் நான்தான்."

அவள் சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போகிற வழியில் பேருந்தில் சொன்னாள். "இனிமே எனக்குப் பின்னாடி வந்து பூட்டை இழுக்காதீங்க." அவர் தலையாட்டினார். அன்று மாலையே வாத்தியார் வீட்டுக்குப் போய் அவரே எல்லாவற்றையும் விளக்கினார். வாத்தியார் சூட்டில் உலோகம் விரிவதைப் பற்றி மகளுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு கேலிப்பர்களும் புதிதாக ஏறின. அவள் கவுண்டருக்குத் திரும்பினாள். எல்லோருக்கும் சொன்னாள், தெருவுக்கெல்லாம் சொன்னாள். அக்காவுக்குப் போன் செய்து மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அப்ப உனக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. வண்டிக்குத்தான்."

"நல்லதுடி."

சொன்ன வார்த்தை சரி. குரல்தான் சரியில்லை. திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகும் அந்தக் குரல் அவளை விடவில்லை. கூட்டினாள், துடைத்தாள், துவைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு மலையேறினாள்.

அக்கா தையல் இயந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாம்பல் நிறத் திரை, ஓரம் அடித்து, வளையம் கோத்து, மடித்து வைத்திருந்தது. அதன் மேல் அதே துணியில், அதே அளவில், இன்னொன்று.

"ஜோடியா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் அக்கா. "ஒத்தை ஜன்னல். ஒரு தடவை தச்சதை மறந்து மறுபடி தச்சிருக்கேன். இது மூணாவது ஆர்டர், இப்படி ஆகறது."

அவள் கீழே உட்கார்ந்தாள்.

"உன்னைத் தினம் கேட்டேன்ல, நேத்து என்ன சமைச்சேன்னு? எனக்கு வரலடி. காலைல எந்திரிச்சு, முந்தின நாள் என்ன சாப்பிட்டேன்னு யோசிச்சா வெள்ளையா இருக்கு. உன்னையும் கேட்டுப் பாப்போம்னு கேட்டேன். நீ டக்குனு சொல்லிடுவே. ஒருநாள் ஒட்டகச்சிவிங்கின்னு சொன்னே பாரு, ஒரு நிமிஷம் நான்..." அக்கா துணியின் ஓரத்தை நீவினாள். "சந்தோஷப்பட்டேன். உனக்கும் அப்படித்தான், ரெண்டு பேரும் சேந்தே போயிடலாம்னு. தங்கச்சிக்கு வரணும்னு நினைச்சவ நான். எவ்வளவு கேவலம்."

அவளுக்கு அந்த இரண்டாவது தேநீர் ஞாபகம் வந்தது. வெடுக்கென்று பேசிவிட்டு எழுந்து வந்ததும் வந்தது. எழுந்து, அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியில் ஒண்டி உட்கார்ந்து, அவள் தலையை இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் நான் மட்டும் என்ன பண்ணிட்டிருந்தேன்? எனக்கு இல்ல, எனக்கு இல்லைன்னு நிரூபிக்கிறதுக்கு டயருக்குக் கோடு போட்டுட்டிருந்தேன். உன்னை ஒரு தடவை நிமிர்ந்து பாத்தேனா? எழுந்திரு. டாக்டரைப் பாத்துட்டு வருவோம்."

"இப்பவா?"

"இப்பத்தான். யோசிச்சா ரெண்டு பேருக்கும் பயம் வந்துரும்."

டாக்டர் அவளுக்குத் தெரிந்தவர். அவர் எழுதும் சீட்டுக்குத்தான் தினமும் மருந்து எடுக்கிறாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வா, ஆனா எடுத்துக் குடுக்காதே" என்றாள். டாக்டர் மூன்று வார்த்தைகளைச் சொல்லி மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு கிழமை கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றாகத் தடுமாறி ஏறினாள். கடைசியில் அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார். இரண்டு வந்தன. மூன்றாவது வரவில்லை. தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நாக்கைப் பல்லுக்குள் வைத்திருந்தாள்.

டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்றார். உடம்பில் ஏதாவது சத்துக் குறைந்தாலும் இப்படி வரும், அதைச் சரிசெய்துவிட்டுப் பார்ப்போம், அம்மா கதையை வைத்து இப்போதே எதையும் முடிவு கட்ட வேண்டாம் என்றார். பின்னால் வந்த முடிவில் சத்துக்குறைவு இருந்தது. ஊசி போட்டதும் அக்காவுக்கு ஞாபகம் பாதி திரும்பி வந்தது, பாதி வரவில்லை. அந்தப் பாதியை அடுத்த வருஷம் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குள் அக்கா தங்கை வீட்டுப் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அக்கா நடைவழியிலேயே நின்றாள்.

"அந்த மூணாவது வார்த்தை என்னடி?"

சொல்ல வாயைத் திறந்தாள். ஆப்பிள், நாற்காலி... அடுத்தது? உள்ளே இவ்வளவு நேரம் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்த வார்த்தை, கதவைத் தாண்டியதும் காணவில்லை. அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் அக்காவைப் பார்த்தாள். யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியாது, இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். காத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள்.

"திரும்ப உள்ள போய்க் கேப்போமா?" என்றாள் அக்கா.

"வேண்டாம்க்கா. என்னையும் உக்கார வெச்சுச் சீட்டு எழுதிடுவார்."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள்.